இது யார் கையெழுத்து?

பெயர் எழுதாமல் வந்து சேரும் கட்டுரை ஏட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, "இது யாருடையது?" என்று எங்கள் தமிழாசிரியை ஒருநாளும் கேட்டதில்லை. ஏட்டைத் திறப்பார், இரண்டு வரி பார்ப்பார், உரியவளிடம் நீட்டிவிடுவார். ஒருத்தி றகரத்தின் வாலை அடுத்த வரிவரை இழுப்பாள். இன்னொருத்தி சொல்லுக்குச் சொல் ஒரு விரல் இடம் விடுவாள். தையல் வகுப்பிலும் இதே கதைதான். பூத்தையலின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தே அது யார் போட்டதென்று சிஸ்டர் சொல்லிவிடுவார்.

நடனத்திலும் இப்படி ஒரு கையெழுத்து உண்டு. ஆடுகின்றவளின் கையெழுத்தைச் சொல்லவில்லை. அந்த நடனத்தை மனத்தில் கண்டு, அமைத்து, ஆடுவோருக்குக் கற்றுத் தந்தவரின் கையெழுத்தைச் சொல்கிறோம். அதை அடையாளம் காண நாம் பழகவேண்டும் என்பதே எங்கள் கட்சி. பழகாமையால் என்ன தீங்கு விளைகிறது என்பதையும் சொல்லத்தான் இதனை எழுத முற்பட்டோம்.

சென்ற ஆண்டு விழா முடிந்து கூட்டம் கலையும்போது நாங்கள் சிலர் வாயிலருகே நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டோம். "உடை பிரமாதம்." "அந்தக் கடைசிப் பெண் என்னமாய்ச் சுழன்றாள்!" "பாட்டு பழைய பாட்டாயிற்றே!" இவ்வாறு பலரும் பலவிதமாய்ப் பேசிச் சென்றனர். இதை அமைத்தவர் யார் என்று ஒருவரேனும் கேட்கவில்லை. அவர்களைக் குறை சொல்லவும் வழியில்லை. நிகழ்ச்சி நிரலில் பாட்டின் முதலடி இருந்தது. ஆடியவர்களின் வகுப்பும் பிரிவும் இருந்தன. ஒலிபெருக்கி தந்தவருக்கு நன்றியும் இருந்தது. நடனத்தை அமைத்தவர் பெயர் மட்டும் இல்லை. எழுதியவர் பெயர் இல்லாமல் ஒரு கதையை இந்த மலரில் அச்சிட மலர்க் குழு சம்மதிக்குமா?

நாங்கள் இந்தப் பேச்சைத் தொடங்கியவுடன், பரதம் பயிலும் தோழியர் சிலர் எங்களை மடக்கினர். "அடவுகள் எல்லாருக்கும் பொது. தட்டடவும் நாட்டடவும் யார் அமைத்தாலும் அவைதாம். இதில் தனிக் கையெழுத்தை எங்கே தேடுவது?" என்றனர். நியாயமான கேள்வியே. ஆயினும் வழுவூர்ப் பாணி, பந்தநல்லூர்ப் பாணி என்று பிரித்துச் சொல்லும் இரசிகர்கள் நம் ஊர்களில் உண்டு. அது ஒரு பரம்பரையின் கையெழுத்து. அந்த மரபில் அரிச்சுவடி பொது. அதைக் கொண்டு எழுதும் அழகே வேறுபடும்.

நவீன நடனத்தின் கதை வேறு. 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மேலைநாடுகளில் பாலே என்னும் மரபு நடனத்தின் கட்டுப்பாடுகளை உதறிவிட்டுச் சிலர் வெளியேறினார்கள். அவர்களுள் பெண்களே முன்னணியில் நின்றனர் என்பதை எங்கள் பள்ளியின் மலரில் எழுதும்போது சற்றுப் பெருமையாகவே இருக்கிறது. காலணியைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு மேடையேறிய அவர்களுக்கு, இனி எப்படி அசைவது என்று சொல்லித்தர எந்த நூலும் இல்லை. அரிச்சுவடியையே ஒவ்வொருவரும் தமக்கென்று ஆக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. ஆதலால் அமைத்தவரின் கை அங்கே மிகத் தெளிவாகத் தெரிகிறது. கையெழுத்தைப் படிக்கப் பழகுவோர்க்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை.

நாங்கள் பழகிய விதத்தைச் சொல்கிறோம். இவ்வாண்டு சனிக்கிழமைப் பிற்பகல்களில், சிஸ்டர் ஒருவரின் அனுமதியோடு, திரை வைத்திருக்கும் வகுப்பறையில் கூடினோம். ஒருத்தி படத்தைப் போடுவாள். தலைப்பையும் பெயர்களையும் அட்டையால் மறைப்பாள். மற்றவர்கள் இது யார் அமைத்தது என்று ஊகிக்கவேண்டும். முதல் இரண்டு வாரம் வெட்கக்கேடாக முடிந்தது. நீண்ட பாவாடை கண்டால் மார்த்தா கிரகாம் என்றோம். உடலோடு ஒட்டிய உடை கண்டால் மெர்ஸ் கன்னிங்ஹாம் என்றோம். பத்துக்கு ஆறு தவறு. உடை கையெழுத்தன்று, அது ஏட்டுக்குப் போட்ட அட்டை. யார் வேண்டுமானாலும் வாங்கிப் போடலாம்.

மூன்றாம் வாரம் ஒருத்தி, "மூச்சு எங்கே இருக்கிறதென்று பாருங்களடி" என்றாள். அன்றுதான் கண் திறந்தது.

மார்த்தா கிரகாம் (1894 - 1991) அமெரிக்கர். 1926 இல் நியூயார்க்கில் தம் குழுவைத் தொடங்கியவர். அவருடைய நடனத்தில் எல்லாம் அடிவயிற்றிலிருந்து தொடங்குகிறது. மூச்சு வெளியேறும்போது உடலின் நடுப்பகுதி உள்ளே சுருங்குகிறது, முதுகு வளைகிறது. மூச்சு புகும்போது அது விடுபட்டு விரிகிறது. கையும் காலும் அதற்குப் பின்னரே அசைகின்றன. தேம்பி அழும் குழந்தையின் வயிற்றைப் பார்த்திருக்கிறீர்களா? அதே அசைவுதான். 1930 இல் அவர் அமைத்த 'லாமென்டேஷன்' என்னும் தனிநடனத்தில், இழுத்தால் நீளும் துணியாலான ஒரு குழாய்க்குள் உட்கார்ந்த நிலையிலேயே ஆடுகிறார். முகமும் கைகளும் பாதங்களும் தவிர வேறொன்றும் தெரிவதில்லை. உள்ளேயிருந்து துணியைத் தள்ளும் முழங்கையும் முட்டியும் துயரத்துக்கே ஓர் உருவத்தைக் கொடுத்துவிடுகின்றன. எங்களுள் ஒருத்தியின் பாட்டி இதைப் பார்த்துவிட்டு, "இழவு வீட்டில் முக்காட்டுக்குள் உட்கார்ந்திருப்பவளைப் போல இருக்கிறது" என்றார். பாட்டிக்கு நவீன நடனம் என்றால் என்னவென்றே தெரியாது.

இந்தக் கிரகாமின் குழுவில் 1939 முதல் 1945 வரை ஆடியவர் மெர்ஸ் கன்னிங்ஹாம். ஆறாண்டு அவரிடம் இருந்தவர், வெளியே வந்து செய்ததோ ஏறக்குறைய எல்லாமே எதிர்மாறு. அவருடைய நடனம் கதை சொல்லாது. துயரம், மகிழ்ச்சி என்று எதையும் நமக்குக் காட்ட முயலாது. முதுகு நிமிர்ந்திருக்கும், சாயும், திரும்பும், வளையும், கால்கள் மின்னல்போல் வேலை செய்யும். மேடையில் நடு இடம் என்றொன்று கிடையாது. ஒரு மூலையில் ஒருத்தி ஒற்றைக்காலில் நிற்க, இன்னொரு மூலையில் மூவர் குதித்துக்கொண்டிருப்பர். எவரைப் பார்ப்பது என்பது நம் விருப்பம். அடுத்த அசைவு எதுவென்று முடிவு செய்ய நாணயத்தைச் சுண்டிப் பார்க்கும் வழக்கமும் அவருக்கு உண்டு. இசையமைப்பாளர் ஜான் கேஜுடன் சேர்ந்து, இசையும் நடனமும் தனித்தனியே உருவாகி அரங்கேற்றத்தன்றுதான் சந்திக்கவேண்டும் என்னும் முறையை வகுத்துக்கொண்டார். இதைப் படித்தபோது, "நாணயத்தைச் சுண்டி அமைத்தால் அதில் அவருடைய கையெழுத்து எப்படி இருக்கும்?" என்று எங்களுக்குள் பெரிய சச்சரவு. விடை திரையில்தான் கிடைத்தது. எந்த அசைவுகளைச் சீட்டில் எழுதிப் போடுவது, எதை எழுதாமல் விடுவது என்பதை அவர்தாமே முடிவு செய்தார்! நாணயம் வரிசையைத்தான் மாற்றியது. 2009 இல் தம் 90 ஆம் வயதில் அவர் காலமாகும்வரை அந்தக் கை மாறவேயில்லை.

மூன்றாமவர் பால் டெய்லர் (1930 - 2018). கல்லூரியில் நீச்சல் வீரர். கன்னிங்ஹாமிடமும் ஆடியவர்; பின்பு 1955 முதல் 1962 வரை கிரகாமிடமும் ஆடியவர். 1957 இல் அவர் நடத்திய ஒரு நிகழ்ச்சியில், ஒரு நடனம் முழுவதும் அவரும் உடன் ஆடிய பெண்ணும் அசையவே இல்லை. லூயி ஹார்ஸ்ட் என்ற விமரிசகர் அந்நிகழ்ச்சிக்கு எழுதிய விமரிசனம் வெறும் வெள்ளைத்தாள். பத்தி முழுவதும் காலியாக விட்டு, அடியில் தம் பெயரின் முதலெழுத்துகளை மட்டும் அச்சிட்டிருந்தார். (நம் தேர்வுத் தாள்களில் சிலவற்றுக்கும் இந்தச் சிறப்பு உண்டு, ஆனால் அவற்றை யாரும் வரலாற்றில் குறித்து வைப்பதில்லை.) அதே டெய்லர் 1975 இல் அமைத்த 'எஸ்பிளனேட்' என்னும் நடனத்தில், நடனம் என்று கற்றுத்தரப்படும் அசைவு ஒன்றுமே இல்லை எனலாம். நடக்கிறார்கள், ஓடுகிறார்கள், சறுக்குகிறார்கள், தாவி ஒருவர் கையில் ஒருவர் விழுகிறார்கள். பேருந்தைப் பிடிக்க ஓடிய ஒரு பெண்ணைப் பார்த்ததிலிருந்து அந்த எண்ணம் பிறந்ததென்பர். பின்னணியில் பாக் என்ற மேதையின் வயலின் இசை. பார்க்கும்போது, மணி அடித்ததும் வகுப்பிலிருந்து பாய்ந்தோடும் ஆறாம் வகுப்பு நினைவுக்கு வந்தது. உடலுக்குக் கனம் உண்டு என்பதை டெய்லர் மறைப்பதில்லை. விழுந்தால் தொப்பென்றுதான் விழுகிறார்கள்.

ஒலியை நிறுத்திவிட்டுப் பார்ப்பது என்னும் சோதனையையும் செய்து பார்த்தோம். கன்னிங்ஹாமின் நடனம் ஒலியின்றியும் அப்படியே நின்றது. இழப்பதற்கு அதனிடம் ஒன்றுமில்லை. டெய்லரின் நடனமோ பாதி உயிரை இழந்தது. கிரகாமின் நடனத்தில் ஒலி போனபின்பும் மூச்சின் ஓசை கேட்பதுபோலவே ஒரு மயக்கம். அதன்பிறகு எங்கள் ஊகங்கள் பெரும்பாலும் சரியாக இருந்தன. அசைவு உடலில் எங்கே தொடங்குகிறது, இசையோடு அதற்கு என்ன உறவு, தரையோடு என்ன உறவு, பலர் ஒன்றாக நிற்கும்போது அவர்களை எப்படி நிறுத்துகிறார் என்றே பார்த்தோம். அழகாயிருக்கிறதா என்று பார்ப்பதைச் சிறிது நேரம் தள்ளி வைத்தோம்.

இது அயல்நாட்டுச் சங்கதி மட்டுமன்று. நம் சென்னையில் பெசன்ட் நகர்க் கடற்கரையருகே வாழ்ந்த சந்திரலேகா, பரதம் கற்றுத் தேர்ந்தவர். 1985 இல் 'அங்கிகா' என்னும் படைப்பில் பரதத்தோடு களரிப்பயிற்றையும் யோகத்தையும் இணைத்தார். நகைச் சுமையும் புராணக் கதையும் அங்கே இல்லை. அரைமண்டியில் நிற்கும் உடலின் வலிமையே அங்கே பேசுகிறது. அவர் 2006 இல் மறைந்தார். பொது அரிச்சுவடியில் தொடங்கியவரும் தமக்கென ஒரு கையெழுத்தை உண்டாக்கிக்கொள்ள முடியும் என்பதற்கு அவர் ஒருவரே போதுமான சாட்சி. பரதத் தோழியருக்கு எங்கள் விடையும் இதுதான்.

இத்தனையும் கேட்டுக்கொண்டிருந்த மூத்த சிஸ்டர் ஒருவர் எங்களை ஒரு கேள்வி கேட்டார். "பிள்ளைகளே, பெயருக்காகச் செய்வதா கலை? ஊர் பேர் தெரியாதவர்கள் கட்டிய கோவில்களும் ஆலயங்களும் எத்தனை! செய்ததை மறந்துவிட்டுப் போவதுதானே தாழ்ச்சி?" இந்தக் கேள்விக்கு அன்று எங்களால் விடை சொல்ல இயலவில்லை. இரண்டு நாள் யோசித்தோம். செய்தவர் தம் பெயரை மறைத்துக்கொள்வது தாழ்ச்சியே. அதில் எங்களுக்கு மறுப்பில்லை. ஆனால் கண்டு மகிழ்ந்த நாம் அவர் பெயரைக் கேட்காமலே வீட்டுக்குப் போவதை எந்தப் பெயரால் அழைப்பது? அவர் தாழ்ச்சியாய் இருக்கலாம். நாம் நன்றி மறக்கலாகாது. சிஸ்டரிடம் இதைச் சொன்னோம். அவர் சிரித்தார்; ஒப்புக்கொண்டாரா என்று தெரியவில்லை.

பெயர் மறைவதால் வரும் தீங்குக்கு உலகறிந்த ஒரு சான்று உண்டு. பெல்ஜியம் நாட்டைச் சேர்ந்த ஆன் தெரசா த கெயர்ஸ்மேக்கர், 1983 இல், தம் 22 ஆம் வயதில், 'ரோசாஸ் தான்ஸ்ட் ரோசாஸ்' என்னும் நடனத்தை அமைத்தார். நான்கு பெண்கள், எளிய பாவாடை, சட்டை, ஒரு பகுதி முழுவதும் நாற்காலிகளில் அமர்ந்தபடி. கால்மேல் கால் போடுவது, முடியை ஒதுக்குவது, தோளில் சரிந்த சட்டையை இழுத்துவிடுவது, திடுமென முன்னே குனிவது ஆகிய இவைதாம் அசைவுகள். நாம் வகுப்பில் நாள்தோறும் செய்பவை! அவற்றை அவர் கணக்குப் போட்டதுபோல் அடுக்குகிறார். நால்வரும் ஒன்றாய்ச் செய்வர், ஒருத்தி பிரிவாள், இருவர் பிந்துவர், மறுபடியும் ஒன்று சேர்வர். களைப்பும் மூச்சிரைப்பும்கூட அந்தத் தாளத்தில் அடக்கம்.

2011 இல் அமெரிக்கப் பாடகி பியான்சேயின் 'கவுண்ட்டவுன்' பாட்டுக்கான படம் வெளிவந்தது. அதில் அதே அசைவுகள், ஏறத்தாழ அதே காட்சிகள். அமைத்தவரிடம் எவரும் அனுமதி கேட்டிருக்கவில்லை. பாட்டு வேறு, நாடு வேறு. என்றாலும் நடனம் அறிந்தவர்கள் படத்தைப் பார்த்தவுடனேயே இது இன்னார் கை என்று கூறிவிட்டனர். பின்னர்ப் பாடகியின் தரப்பிலும் அந்த நடனம் தூண்டுதலாய் இருந்ததை ஒப்புக்கொண்டனர். கண்டுபிடிக்கும் கண்கள் அங்கே இருந்தன. அதனால் உண்மை நிலைத்தது.

த கெயர்ஸ்மேக்கர் அப்போது வெளியிட்ட அறிக்கையில் எங்களைத் தொட்ட இடம் ஒன்றுண்டு. பிளாண்டர்ஸ் பகுதியில் பள்ளிச் சிறுமியர் சிலர் தம் நடனத்தை ஏதோ ஒரு பாப் பாட்டுக்கு ஆடியதைத் தாம் பார்த்ததாகவும், அது நெஞ்சைத் தொட்டதாகவும் அவர் குறிப்பிட்டிருந்தார். பள்ளிப் பிள்ளைகள் பார்த்துக் கற்பது வேறு; பெரிய வணிகம் சொல்லாமல் எடுத்துக்கொள்வது வேறு என்று அவர் பிரித்துக் கண்டார். 2013 இல் இன்னும் ஒரு படி மேலே சென்று, அந்த நாற்காலி நடனத்தின் அசைவுகளை யாவரும் கற்கும்படி தாமே விளக்கிக் காட்டி, அவரவர் விருப்பப்படி ஆடிப் படமெடுத்து அனுப்புங்கள் என்று உலகத்தையே அழைத்தார். கொடுப்பதற்கு அவருக்குத் தடையில்லை. யாருடையது என்று தெரியாமற்போவதைத்தான் அவர் ஏற்கவில்லை.

இனி எங்கள் சொந்தக் கதை. ஈராண்டுக்கு முன் மேல்நிலை வகுப்பில் படித்த அக்கா ஒருவர் நம் விழாவுக்கு ஒரு குழு நடனம் அமைத்தார். அவருக்குச் சில பழக்கங்கள் உண்டு. திரை விலகும்போது ஒருத்தி மட்டும் அவைக்கு முதுகு காட்டி நிற்பாள். எல்லாரும் திரும்பவேண்டிய இடத்தில் ஒன்றாகத் திரும்பாமல், ஒருத்திக்குப் பின் ஒருத்தியாக, அரைத்தாளம் பிந்தித் திரும்புவார்கள். முடிவில் கைதட்டலுக்காகச் சிலைபோல் நிற்பது கிடையாது. பாட்டு ஓய்வதற்குள் பேசாமல் நடந்து வெளியேறிவிடுவார்கள். அந்த அக்கா படிப்பு முடிந்து போய்விட்டார். சென்ற ஆண்டு பள்ளிகளுக்கிடையே நடந்த ஒரு போட்டியில் நாங்கள் பார்வையாளராய் உட்கார்ந்திருந்தோம். ஒரு குழு மேடையேறியது. பாட்டு வேறு, பாவாடை தாவணிக்குப் பதில் வேறு உடை. ஒருத்தி முதுகு காட்டி நின்றாள். எங்கள் வரிசையில் நால்வர் ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அரைத்தாளம் பிந்திய திருப்பமும் வந்தது. கடைசி நடையும் வந்தது. சுழற்கேடயம் அவர்களுக்குக் கிடைத்தது. அந்தப் பள்ளியின் பெயரை நாங்கள் எழுதப் போவதில்லை. அந்தப் பிள்ளைகள் மிக நன்றாகவும் ஆடினார்கள்.

யாரிடம் முறையிடுவது? நம் நிகழ்ச்சி நிரலிலேயே அக்காவின் பெயர் இல்லாதபோது, பிறரைக் கேட்க நமக்கு என்ன உரிமை? 1957 ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், எழுத்திலோ வேறு வகையிலோ பதிவாகியுள்ள நடன அமைப்பையும் நாடகப் படைப்புகளுள் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. ஆனால் பள்ளிப் பிள்ளைகள் வழக்கு மன்றத்துக்கா போவார்கள்? அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னோம். அவர் கோபப்படுவார் என்று நினைத்தோம். "நான் எப்போதும் ஒருத்தியை முதுகு காட்டியா நிறுத்துகிறேன்?" என்று வியப்போடு கேட்டார். தம் கையெழுத்தை அவரே அறிந்திருக்கவில்லை.

எங்கள் பக்கத்துக் குற்றத்தையும் மறைக்கலாகாது. ஒன்பதாம் வகுப்பில் நாங்கள் ஆடிப் பரிசு வாங்கிய நடனம், ஒரு திரைப்படத்திலிருந்து அடிக்கு அடி எடுத்தது. அதை அமைத்தவர் யார் என்று நாங்கள் அன்று கேட்கவில்லை. இன்று தேடிக் கண்டுபிடித்து எங்கள் ஏட்டில் எழுதி வைத்திருக்கிறோம். பார்த்துக் கற்பது பாவமென்று நாங்கள் சொல்லவில்லை. கன்னிங்ஹாமும் டெய்லரும் கிரகாமிடம் பார்த்துத்தான் கற்றார்கள். ஆனால் யாரிடம் கற்றோம் என்பதை அவர்கள் மறைத்ததில்லை, கற்றதோடு நின்றுவிடவுமில்லை.

பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். விழா முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில், "நீ நன்றாக ஆடினாய்" என்று மகளிடம் சொல்லும்போதே, "இதை யார் அமைத்தது?" என்று ஒரு கேள்வியும் கேளுங்கள். அவளுக்கே விடை தெரியாவிட்டால் அடுத்த ஆண்டு தெரிந்துகொண்டு வருவாள்.

இவ்வாண்டு விழா நிரலில் ஒவ்வொரு நடனத்தின் கீழும் 'நடன அமைப்பு' என்று ஒரு வரி சேர்க்கத் தலைமையாசிரியை அவர்கள் அன்போடு இசைந்தார்கள். விவரம் கேட்டு எல்லாக் குழுக்களுக்கும் சீட்டு அனுப்பினோம். மொத்தம் 11 நடனங்கள். 7 சீட்டுகள் பெயரோடு திரும்பி வந்தன. அவற்றுள் ஒன்றில், "பாதி டீச்சர், பாதி நாங்கள்" என்றிருந்தது. அதை அப்படியே அச்சுக்குக் கொடுத்தோம். மற்ற நான்கு குழுக்களுக்கும் தம் நடனம் எங்கிருந்து வந்ததென்று சொல்லத் தெரியவில்லை. அந்த நான்கு நடனங்களின் கீழே அந்த வரி காலியாகவே அச்சாகிறது.